எட்டு இல்லாத எண்ணிக்கை

3 மார்ச் 2025, திங்கள்
ரிங்லெட், தேயிலை மலை. காலையிலிருந்து தூறல். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் புதிய கட்டடம் வரப்போகும் இடத்தில் கடைசிக் கல்தூணும் இறங்கிவிட்டது. ஆற்றோரத்து மணல், தண்ணீர் ஊறிக் கிடக்கிறது. கடலுக்கு அப்பால் சுமத்ராவில் நிலம் பெரிதாக ஆடினால் இங்கேயும் ஆடும். அப்போது இந்த மணல் கஞ்சியாகிவிடும், மேலே நிற்கிற கட்டடம் சாயும். அதனால்தான் துளை போட்டு, ஜல்லியை இடித்து நிரப்பிக் கல்தூணாக்கி, மண்ணை இறுக்குகிறோம்.

4 மார்ச்
சோதனை. எடையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக் குழாயை மண்ணில் இறக்கவேண்டும். அடிகளை எண்ணிச் சொல்வது மெஷின்காரர் இருளப்பன் மாமா. சொந்த மாமா இல்லை, அப்பாவோடு வேலை பார்த்தவர். எழுதுவது நான். முதல் பதினைந்து செண்டிமீட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த பதினைந்துக்குப் பத்து அடி, அதற்கடுத்ததற்கும் பத்து. இருபது வந்தால் மண் தேறும். தேறிவிட்டது. கையெழுத்துப் போட்டேன். திங்கள் அஸ்திவாரக் கான்கிரீட்.

5 மார்ச்
ஆபீசுக்கு அனுப்ப எடுத்த வீடியோவைத் தானா ராத்தா டவுனில் சாப்பிடும்போது பார்த்தேன். எடை ஒன்பது தடவைதான் விழுகிறது. மாமா பத்து என்கிறார். நாலு முறை பார்த்தேன். ஏழுக்கு அப்புறம் ஒன்பது. எட்டைச் சொல்லவே இல்லை மனுஷன்! இரண்டு எண்ணிக்கையிலும்.

அப்போ பதினெட்டுதான். பக்கத்துலயே நின்னுக்கிட்டு என்னத்தப் பார்த்தேன் நான்?

6 மார்ச்
மாமா மறைக்கவில்லை. எட்டு சனியோட நம்பராம், வேலை செய்கிற இடத்தில் வாயில் எடுக்க மாட்டாராம். அவர் அப்பா கொழுந்துக் கூடை எண்ணும்போதும் அப்படித்தானாம்.

"ஒரு நம்பர்தானே மலரு, அதுல என்னலா போவுது?"

என்ன போகும் என்று சொன்னேன். இருநூறு பிள்ளைகள் உட்காரப்போகிற கட்டடம் என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

7 மார்ச்
இன்னும் அனுப்பாத வீடியோவை அழித்தால் யாருக்கும் தெரியாது. கையெழுத்து என்னுடையது. அவருக்கும் வேலை போகும், எனக்கும் போகும். பயமாக இருக்கிறது.

8 மார்ச்
இன்ஜினியர் தர்மேந்திரன் சாரிடம் சொல்லிவிட்டேன்.

12 மார்ச்
கான்கிரீட் வேலை நின்றுவிட்டது. இன்னும் நாற்பது கல்தூண் போடவேண்டும். சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதுவரை அவர் எண்ணிய எல்லா இடத்தையும் திரும்பச் சோதிக்கவேண்டுமாம், பட்டியல் கேட்கிறார் சார்.

14 மார்ச்
பழைய ஃபைல்களில் பத்து இடம் கிடைத்தது. அனுப்பப்போகும் நேரத்தில் மாமா ஃபோன் செய்தார். ஒன்று விட்டுப்போயிருக்கும் என்றார். ஃபைல் கிடைக்காதாம், அதைக் கட்டிய கம்பெனியே இப்போது இல்லை. அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"நீ குடியிருக்கிற ஃப்ளாட்டுக்கும் நாந்தாம்மா எண்ணுனேன்."

பதினொன்றாவது வரியில் என் வீட்டு முகவரியை எழுதி அனுப்பினேன்.