மேட்டுத்தெருவில் கொதித்த வெறும் உலை

வெண்ணாவல் நாட்டில் மழையும் விளைவும் குறையாதிருக்க! கோட்புலிவேளரசரின் குடைநிழல் நீள்க! அவ்வரசரின் முதலமைச்சரும், நெடுந்துறைத் தலைநகரின் நீதி காப்பவரும், பன்மொழி வல்லவருமான ஆதன் நல்லியார் திருமுன்புக்கு, வடவெல்லைக் காவற்படைத் தலைவன் எயினன் காரி வணங்கி விடுக்கும் ஓலை.

இக்காலத்து மனிதர்கள் எனக்குப் பிடிபடவில்லை, அமைச்சரே. முன்பெல்லாம் களவாடுகிறவன் ஓடினான். இப்போது சந்தனம் பூசிக்கொண்டு வாசலில் நின்று வரவேற்கிறான். நான் எழுத்து அதிகம் அறியாதவன். நான் சொல்லச் சொல்ல ஓலைக்காரர் எழுதுகிறார். இடையிடையே அவர் மெருகு பூசுகிறாரோ என்ற ஐயம் உண்டு. ஆதலால் ஒவ்வொரு வரியையும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டே விடுக்கிறேன்.

இந்நகரில் எனக்கு உறவும் இல்லை, வீடும் இல்லை என்பதால், உப்பளச்சேரிப் பூதியின் வழக்கைத் தீர்க்குமாறு அரசர் தம் இலச்சினை மோதிரத்தை என்னிடம் தந்தனுப்பினார். ஒரு குடும்பத்தின் அடுப்பு எந்தத் தெருவில் எரிகிறதோ அந்தத் தெருப் பள்ளியில்தான் அக்குடும்பத்துப் பிள்ளை பயிலலாம் என்பது நகரத்தின் நெடுநாள் விதி. பூதி உப்பு வாருகிறவள், கணவனை இழந்தவள். ஏழு வயது மகள் வெண்ணியை மேட்டுத்தெருப் பள்ளியில் சேர்க்க வேண்டி, அப்பள்ளியின் மதிலோரம் மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சினாள். பொய்யடுப்பு மூட்டினாள் என்று காவலர் பானையை உதைத்து உடைத்து, அவளைச் சிறையில் அடைத்தனர். தாயையும் மகளையும் நகரைவிட்டே அகற்ற வேண்டும் என்பது மேட்டுத்தெருப் பெரியோரின் விண்ணப்பம்.

பொய்யடுப்பு எது, மெய்யடுப்பு எது என்று அறியாமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. அத்தெருவில் வீடு வீடாகப் புகுந்தேன். புகுந்தவன் திகைத்து நின்றேன். பாதி வீடுகளில் மனிதரே இல்லை. பாய் இல்லை, உறி இல்லை, துணி காயும் கொடி இல்லை. அடுப்பு மட்டும் எரிகிறது. விறகு தள்ளிக்கொண்டிருந்த ஒரு வேலையாளிடம் உலையில் என்ன வேகிறது என்று கேட்டேன். "தண்ணிதாங்க ஐயா, வெறும் தண்ணி," என்றான். யார் குடிக்க என்றேன். "குடிக்கவா? நல்லாக் கேட்டீங்க! எசமான் பிள்ளை இந்தத் தெருப் பள்ளிக்கூடத்துல படிக்குதுல்ல, அதுக்குத்தான். காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா கூரைக்கு மேல புகை தெரியணும்," என்று சொல்லிச் சிரித்தான்.

முற்றுகைகள் பல பார்த்தவன் நான். பசித்தவர் வெறும் உலை வைத்துப் பிள்ளைகளைத் தூங்கவைத்ததைக் கண்டதுண்டு. வயிறு நிறைந்தவர் வெறும் உலை வைத்து ஊரை ஏமாற்றுவதை இங்குதான் கண்டேன். அவ்வுலைகளில் ஒன்று துறைமுக மாளிகையில் வாழும் தங்கள் மருமகனாருடையது. இவ்வரியில் ஓலைக்காரர் எழுத்தாணியை நிறுத்தினார். எழுதும் ஐயா என்றேன்.

உப்பளச்சேரிப் பள்ளிக்கும் போனேன். படகு செப்பனிடும் கொட்டகையில் ஓர் ஆசிரியர். அவரைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாகப் பிள்ளைக்கூட்டம். மணலில் எழுதுகிறார்கள்; கடலின் ஓதநீர் ஊறி, அடுத்த எழுத்தை எழுதுமுன் முந்தைய எழுத்து அழிந்துபோகிறது. அவ்வாசிரியரின் மகன் எங்கே பயில்கிறான் என்று வினவினேன். மேட்டுத்தெருவில் என்று தலைகுனிந்தார். இங்கே படித்தால் அவன் தம்மைப் போல்கூட ஆக மாட்டானே என்றும் சொன்னார்.

அடுப்பு விதியை நீக்கி, விரும்பிய பள்ளியை விரும்பியவர் தேர்ந்துகொள்ளலாம் என்று முரசறைந்தால் எல்லாம் சீராகும் எனத் தாங்கள் அரசருக்கு உரைத்ததாக அறிந்தேன். சிறையில் பூதியிடம் அதைச் சொன்னேன். மகிழ்வாள் என்று நினைத்தேன். "பெரியவரே, அங்க இருக்குறது ஒரே ஒரு கூடம். பல்லக்குல வர்றவன் முன்னால வந்து உக்காந்துக்குவான். நான் உப்பு வாரி முடிச்சு ஓடியாந்தா இடமில்ல போன்னுவாங்க. இன்னிக்கு உனக்கு இங்க அடுப்பு இல்லன்னு விரட்டுறாங்க. நாளைக்கு நீதானே பிந்தி வந்தேன்னு விரட்டுவாங்க. எங்க சேரியிலயே நல்ல வாத்தியாரு இருந்தா நான் எதுக்குய்யா கல்லத் தூக்கிக்கிட்டு அலையுறேன்?" என்றாள். இதற்குத் தங்களிடம் மறுமொழி இருந்தால் அரசருக்குச் சொல்லுங்கள்.

ஆதலின் அரச மோதிரத்தின் பேரால் ஆணையிடுவதாவது: பூதி இன்றே விடுவிக்கப்படுக. பானையை உடைத்த காவலனே அவளுக்குப் புதுப்பானை வாங்கித் தருக. வெறும் உலை வைத்த வீட்டார் அனைவரும் நகரைவிட்டு அகற்றப்படும் நாளில் பூதியும் மகளும் அகற்றப்படுக. அதுவரை வெண்ணி மேட்டுத்தெருப் பள்ளியில் பயில்க. அப்பள்ளி ஆசிரியர்கள் திங்கள் மாற்றித் திங்கள் உப்பளச்சேரியில் கற்பிக்க. சேரிப் பள்ளிக்கு ஓதநீர் ஏறாத மேட்டில் கூரை எழும்புக.

இவ்வாணையை மேட்டுத்தெருப் பள்ளித் தலைவர் முன்பு வாசிக்கச் செய்தேன். அவர் முகம் மலர்ந்து, அப்படியே ஆகட்டும் என்றார். இத்தனை எளிதாக ஒப்புக்கொள்ளும் மனிதரை நான் என்றும் நம்பியதில்லை. வெண்ணியைக் கைபிடித்து அழைத்துச் சென்று முதல் வரிசையில் அமர்த்தினார். அமர்த்திவிட்டு அவளைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தார்.

அரசிலச்சினை இட்டாயிற்று. கோட்புலிவேளரசரின் சொல் நின்று நிலைப்பதாக! மோதிரத்தை ஓலைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வடவெல்லைக்குக் கிளம்புகிறேன். ஆணை நிறைவேறியது என்று பின்னர் எனக்கு ஓலை விடுக்க வேண்டாம். நம்ப மாட்டேன்.