நான்காவது கேள்வி

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. போன வாரம் அம்மா வீட்டுக்குப் போனவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாயாம். "சாப்ட்டுட்டுத்தான் வந்தேம்மா" என்றாயாம். அம்மா போனில் அரை மணி நேரம் புலம்பினாள். அப்படி யார் வீட்டில் சாப்பிட்டாய்? பெண் பார்த்து வைத்திருந்தால் எனக்கு மட்டுமாவது சொல்.

இங்கே தலைக்கு மேல் வேலை. சாப்பிடப் பயந்து உடம்பை உருக்கிக்கொள்ளும் பெண்களைப் பற்றிய என் ஆய்வில் முந்நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். நான் தயாரித்த கேள்வித்தாள் இப்போது ஆறு மருத்துவமனைகளில் இருக்கிறது. லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற இடத்தில் எங்காவது கண்ணில் பட்டால், அக்கா எழுதியது என்று பெருமையடித்துக்கொள்.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

கண்ணில் பட்டது.

ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் வேலை. மதிய இடைவேளையில் உன் கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, மூலை நாற்காலியில் உட்கார்ந்து நிரப்பினேன். விளையாட்டுக்கு இல்லை. முதல் மூன்று கேள்விகளுக்கும் "எப்போதும்" என்று டிக் அடித்தேன். நான்காவது கேள்வி: மாதவிடாய் நின்று எத்தனை மாதம் ஆகிறது?

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "சார், இது லேடீஸுக்கு. உங்க வீட்ல யாருக்காவதா?"

"தங்கச்சிக்கு" என்றேன். நமக்குத் தங்கச்சி ஏது!

அக்கா, பதினாறு வருஷமாக எனக்கு இது இருக்கிறது. ஒரு ரொட்டித் துண்டை எட்டாக வெட்டி ஒரு நாளை ஓட்டுவேன். பசிக்காமல் இல்லை. வாய்க்குள் போனதும் ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பதினைந்து மாடி ஏறி இறங்கினால்தான் அடங்கும். உன் தாளை எடுத்ததற்கு முந்தின நாள், லிஃப்ட் கூண்டின் மேல் நின்றபோது கண் இருட்டிவிட்டது. கூட இருந்த மெக்கானிக் காலரைப் பிடித்து இழுத்தார். "என்னய்யா, குடிச்சிருக்கியா?" என்றார். ஆமாம் என்றேன். சாப்பிடவில்லை என்பதைவிட அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

போனில் என்றால் குறுக்கே கேள்வி கேட்பாய். அதனால்தான் கடிதம். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் தம்பி

மார்ச் 19

என் தம்பிக்கு,

முதல் தடவை படித்தபோது என் கை தானாகப் பென்சிலை எடுத்து, அறிகுறிகளுக்கு அடிக்கோடு போட்டது. அக்காவாகப் படித்தது மூன்றாவது தடவைதான்.

ஆய்வைத் திட்டமிட்டபோது, "ஆம்பளைங்களையும் சேர்க்கலாமே" என்று உடன் வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். "ரொம்பக் கொஞ்சம் பேர்தான் வருவாங்க, கணக்கு குழம்பிடும்" என்று தள்ளிவிட்டவள் நான். என் கல்யாணத்துக்குச் சட்டை தொளதொளக்க வந்து நின்றாயே, அன்று எல்லோர் முன்னாலும் "இளைச்சு ஆளே அழகாயிட்டான்" என்றவளும் நான்தான்.

இனி லிஃப்ட் கூண்டின் மேல் ஏறாதே. நான் உனக்கு மருத்துவராக இருக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த நல்ல மருத்துவரிடம் வரும் வியாழக்கிழமை பத்து மணிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இதயத்தையும் ரத்தத்தையும் உடனே பார்த்தாக வேண்டும். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன்.

அக்கா

மார்ச் 27

தம்பி,

நீ வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. உன் அறை வரை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கோபமில்லை, பயமாக இருக்கிறது. எத்தனை குடும்பங்களிடம் "பொறுமையா இருங்க" என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறேன்!

அக்கா

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

அந்த வியாழக்கிழமை நான் வந்தேன். எதிர்க் கட்டட மாடிப்படியில் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி வரை நீ வாசல் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. இறங்கி வர எனக்குக் கால் வரவில்லை.

அடுத்த வாரம் அதே டாக்டரிடம் தனியாகப் போனேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நாடித்துடிப்பைப் பார்த்ததும் டாக்டர் என்னை வீட்டுக்கு விடவில்லை. பத்து நாளாக வார்டில் இருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் ஆறு பெண்களும் நானும். அரைக் கிண்ணம் சூப்புக்கு நாற்பது நிமிஷம் ஆகிறது. நேற்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அழுதுவிட்டேன். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி, "அண்ணா, எனக்கும் இதேதான். நான் ஒரு ஸ்பூன், நீங்க ஒரு ஸ்பூன்" என்றாள். நாலு ஸ்பூன் உள்ளே போனது.

உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. கல்யாணத்தன்று நீ சொன்னதை நான் மறக்கவே இல்லை. நீயும் மறக்கவில்லை என்று தெரிந்ததில் கொஞ்சம் ஆறுதல். சரியாகிவிடுமா என்று கேட்காதே. டாக்டரே இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆட்கள் கூட உட்கார்ந்து சாப்பிடலாமாம். வா. நோட்டுப் புத்தகம் கொண்டு வராதே. "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லாதே. எதிரில் உட்கார்ந்து உன் பங்கைச் சாப்பிடு. என் தட்டைப் பார்க்காதே.

தம்பி