புழுப் புத்தகத்தின் அட்டையில் உன் முகம்

அன்பு மகளுக்கு,

அப்பாவின் முதுகைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். ஏழு வயதில் நீ காய்ச்சலோடு நாக்கை நீட்டிக்கொண்டு படுத்திருந்ததை அப்பா படம் எடுத்துப் பாடப்புத்தகப் பதிப்பகத்துக்குக் கொடுத்தாரே, அது இன்னும் ஓயவில்லை. படம் காலத்துக்கும் எங்களுடையது என்று அன்றைக்கே எழுதி வாங்கிக்கொண்டார்கள். சொத்தைப்பல், ரத்தசோகை, மூலம் என்று இதுவரை ஒன்பது புத்தகங்களில் நோயாளியாக வந்துவிட்டாய். ஒவ்வொன்றுக்கும் உன் பெரியப்பா போன் செய்து, புள்ளைக்கு இப்ப தேவலையா என்று கேட்கிறார். இப்போது குடல்புழுவைப் பற்றிய புத்தகமாம், அட்டையிலேயே நீதான். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற டாக்டர், உனக்கு இது தேவையா?

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பதிப்பகத்துக்குப் படம் எடுக்கும் இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு மேலாளரைப் பார்க்கப் போனார். ஒவ்வொரு தடவை படத்தைப் போடும்போதும் எங்களைக் கேட்க வேண்டும், கூலி தர வேண்டும், பெயர் போட வேண்டும், பழைய படங்களுக்கும் சேர்த்து என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனார்கள். போன இடத்தில் மேலாளர் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் அருமையாக விழுந்ததாம், அவ்வளவுதான், வந்த காரியம் மறந்துபோயிற்று. ஒருவர் சார் தாடையைக் கொஞ்சம் இறக்குங்க என்றார், ஒருவர் மேஜையை நகர்த்தினார், ஒட்டடைக்குச்சி என்று அப்பா கூப்பிடுவாரே, அந்த நெட்டை மனிதர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். கூலியைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மேலாளரும் பச்சைப்பிள்ளை மாதிரி சொன்னதெல்லாம் செய்தாராம். கை சும்மா இருக்கிறதே என்று அப்பா ஒரு பேனாவைக் கொடுத்து, தன் தாளையே முன்னால் வைத்து, கையெழுத்துப் போடுற மாதிரி இருங்க என்றார். மாதிரி எல்லாம் படத்துல பொய்யாத் தெரியும் சார் என்று ஒட்டடைக்குச்சி மேலே இருந்து சொல்ல, மனிதர் நிஜமாகவே போட்டுவிட்டார். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் இவர்களுக்கே உறைத்தது. மறுநாள் மேலாளர் நான் போடவே இல்லை என்று சாதித்துப் பார்த்தார், ஆறு கோணத்தில் அத்தாட்சி இருக்கிறதே, என்ன செய்வார்.

என் தலைவலி அதற்குப் பிறகுதான். உன் படத்தை அட்டையில் போட அனுமதி வேண்டும் என்று முறையாகக் கடிதம் வந்தது. முடியாது என்று ஒரு வரி எழுதிப் போட வேண்டியதுதானே? இவரோ அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டையே சுற்றிச் சுற்றி வருகிறார். இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா என்னைக் கேட்டிருக்காங்க, எப்படி இல்லேன்னு சொல்றது என்கிறார், கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், நீங்க மட்டும் அவளைக் கேட்டா எடுத்தீங்க, கேட்டா வித்தீங்க என்றுவிட்டேன். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் ஏன்டா சொன்னோம் என்று இருந்தது.

இன்று காலையில் உனக்கு அனுப்பச் சொல்லி ஒரு தாளை நீட்டினார், இதோடு வைத்திருக்கிறேன். பதிப்பகம் அவருக்கு எழுதிய அதே வாசகம்தான், தங்கள் அனுமதியைப் பணிவுடன் வேண்டுகிறேன் என்று. கீழே மட்டும், காய்ச்சல்ல இருந்த பிள்ளையைத் தூக்காம கேமராவைத் தூக்கிட்டேன் என்று எழுதியிருக்கிறார்.

வேண்டாம் என்றே எழுது, ஆனால் கோபமில்லாமல் எழுது. பதிப்பகம் வைத்த கெடு வெள்ளிக்கிழமை, அதற்குள் உன் பதில் வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே. நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கும் சேர்த்து,
அம்மா