கேப்டனுக்கு ரெண்டு, பாங்குக்கு அரை

மார்ச் 5, செவ்வாய்

ஐநூற்று மூன்றாம் அறையில் ஆறு ஆண்கள். ஆறு பேருக்கும் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. காலையில் வலி எவ்வளவு என்று கேட்கப் போனேன். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் உயிர் போகிறது. பதினான்கு வருட நர்ஸ் வேலையில் இதையே ஒப்பிக்கிறேன், தூக்கத்திலும் வரும்.

மரியாதைக்கு மூத்தவரிடமிருந்துதான் எப்போதும் ஆரம்பிப்போம். கேப்டன் பியோவுக்கு எழுபத்தேழு வயது. மீன்பிடிக் கப்பல் ஓட்டியவர். கப்பல் தளத்தில் வழுக்கி இடுப்பும் இரண்டு விலா எலும்பும் போயிற்று. "ரெண்டு!" என்றார். வராந்தா வரை கேட்டது. அடுத்தவர் ரெண்டு. அப்புறம் மூன்று பேர் ஒன்று. கடைசிப் படுக்கையில் பாங், நாற்பத்தொன்பது வயது, டவுன் பஸ் ஓட்டுகிறவர். முழங்காலுக்குக் கீழே தகடு வைத்து மூன்றாவது நாள்.

"அரை" என்றார்.

அரையா? சரி, அரை. எழுதிக்கொண்டேன். இவ்வளவு சுகமான எலும்பு அறையை நான் பார்த்ததே இல்லை. வேலை சீக்கிரம் முடிந்ததால் மதியம் சோறும் கடுகுக்கீரைக் கிம்ச்சி ஊறுகாயுமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். உட்கார்ந்து!

மார்ச் 7, வியாழன்

நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் சொன் என்கிற பையன் வந்து என் மேஜையைத் தட்டினான்.

"அக்கா, உங்க ரூம்ல யாருக்கும் வலியே இல்லையாமே? அப்புறம் ஏன் காலைத் தொட்டா ஆளாளுக்குக் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறாங்க?"

பாங்கின் முழங்கால் நாற்பது டிகிரிதான் மடங்குகிறதாம். மருத்துவர் கெடு வைத்துவிட்டார். இருபதாம் தேதிக்குள் தொண்ணூறு வர வேண்டும். வராவிட்டால் மறுபடி மயக்கம் கொடுத்து வலுக்கட்டாயமாக மடக்குவார்கள். அதிலும் சரியாகாவிட்டால் மடங்காத காலை வைத்துக்கொண்டு பஸ்ஸில் பிரேக் எப்படி மிதிப்பது? அந்த மனுஷனுக்கு வேறு தொழில் தெரியாது.

மார்ச் 8, வெள்ளி

வலி வந்தால் நோயாளியே அழுத்திக்கொள்கிற மருந்துப் பொத்தானை இன்று கழற்றினோம். எத்தனை முறை அழுத்தினார்கள் என்பது இயந்திரத்தில் பதிவாகியிருக்கும். பாங்: பூஜ்யம். அதிசயம்தான் என்று கேப்டனுடையதையும் பார்த்தேன். பூஜ்யம்.

விலா எலும்பு இரண்டு உடைந்தவர் இருமக்கூட இல்லை. இருமினால் வலிக்கும் என்று அடக்கிக்கொள்கிறாரா? இருமாவிட்டால் சளி நெஞ்சிலேயே தங்கிவிடும். இத்தனை நாள் நான் எழுதிக்கொண்டு வந்ததெல்லாம் என்ன?

மார்ச் 9, சனி

பாங்கை எக்ஸ்ரேக்கு நானே தள்ளிக்கொண்டு போனேன். லிப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கதவு மூடியதும் கேட்டேன்.

"இப்ப சொல்லுங்க, எவ்வளவு?"

"எட்டு."

"அடப்பாவி மனுஷா! காலையில அரைன்னீங்களே!"

"கேப்டன் அண்ணனே ரெண்டுன்னுட்டாரே நர்ஸம்மா. அவருக்கு இடுப்பே போயிருக்கு. ரூம்லயே சின்னவன் நான், அவர் முன்னாடி எட்டுன்னு கத்துனா நல்லாவா இருக்கும்?"

சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. ஊசி போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறை. கேப்டன் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டாராம், இவர் ஊசி போட்டுக்கொண்டால் அறையில் தலை காட்ட முடியாதாம். கடைசியில் எக்ஸ்ரே அறை வாசலில் திருட்டுத்தனமாகப் போட்டேன். தினமும் எக்ஸ்ரே எடுக்க முடியுமா?

மூத்தவரிடமிருந்து கேட்க ஆரம்பித்தது யார்? நான்தானே.

மார்ச் 11, திங்கள்

இன்று தலைகீழாக ஆரம்பித்தேன். நேரே பாங்கின் படுக்கை.

"முதல்ல அண்ணனைக் கேட்டுட்டு வாங்க நர்ஸம்மா."

ஐந்தாவது படுக்கையும் அதையே சொன்னது. நான்காவதும். அறை முழுக்க நடந்து கேப்டனிடமே போய் நின்றேன். "ரெண்டு!" திரும்பி நடந்தேன். ரெண்டு, ஒன்று, ஒன்று, ஒன்று, அரை. கால்தான் வலித்தது, என் கால்.

மார்ச் 12, செவ்வாய்

சீட்டு கொடுத்தேன். பேர் போட்டு, யாருக்கும் காட்டாமல் எழுதி மடித்து வையுங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். அரை மணி கழித்துப் போனால் கேப்டன் ஆறு சீட்டையும் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஆறும் ஒரே கையெழுத்து.

"பசங்களுக்கு எதுக்கு சிரமம்? நானே எழுதிட்டேன்."

பசங்களில் ஒருவருக்கு வயது எழுபத்தொன்று.

வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்புறம் சொன் வந்து பாங்கின் அளவைச் சொன்னான். நாற்பத்தெட்டு டிகிரி. சிரிப்பு நின்றது.

மார்ச் 14, வியாழன்

இன்று வாய் அடங்கவில்லை.

பயிற்சி முடிந்து வந்த பாங்குக்குச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. உதட்டைக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருக்கிறார். வலி எவ்வளவு என்றால், "அரை." நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. நேரே கேப்டன் படுக்கைக்குப் போய்த் திரையை இழுத்து மூடினேன்.

"கேப்டன் ஐயா, உங்க நாடித் துடிப்பு நூத்திப் பத்து. நாலு நாளா சூப்பைத் தவிர ஒண்ணும் இறங்கல. திரும்பிப் படுக்கும்போது மூச்சை நிறுத்திக்கிறீங்க, நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். இது ரெண்டா?"

"எனக்குத் தாங்கும்."

"உங்களுக்குத் தாங்கும். அந்த பஸ்காரருக்குக் கால் மடங்கல. நீங்க ரெண்டுன்னு சொல்ற வரைக்கும் அவர் அரைன்னுதான் சொல்வார். இருபதாம் தேதி அவரைப் படுக்கப்போட்டுக் காலை முறுக்கப் போறாங்க. சந்தோஷமா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "கப்பல்ல தலைவன் ஐயோன்னா மத்தவன் எப்படிம்மா வலை இழுப்பான்?"

"இது கப்பல் இல்லீங்க, ஆஸ்பத்திரி! இங்க ஐயோன்னு சொன்னாத்தான் வேலையே நடக்கும்."

"வெளிய போம்மா."

போய்விட்டேன். எழுபத்தேழு வயது நோயாளியிடம் இப்படியா பேசுவது? திரை சத்தத்தைத் தடுக்குமா என்ன, அறை முழுக்கக் கேட்டிருக்கும். தலைமை நர்ஸிடம் புகார் போனால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுக்க மாட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

எழுதக் கை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

காலையில் பயந்துகொண்டேதான் உள்ளே போனேன். வணக்கம் சொல்ல வாயைத் திறக்குமுன் கேப்டன் முந்திக்கொண்டார்.

"ஒன்பது!"

ஆறாவது படுக்கையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"என்ன பாக்குறீங்க? ஒன்பதுன்னேன். ரெண்டு வாரமா ஒன்பது. நர்ஸம்மா, ஊசி எடுத்துட்டு வா. டேய், எல்லாரும் நல்லா பாத்துக்கங்கடா."

திரையை மூட வேண்டாம் என்றார்! நான் மூடினேன், எல்லாவற்றுக்கும் ஒரு அளவு உண்டு.

உள்ளிருந்து கேப்டன் "ஸ்ஸ்" என்றதுதான் தாமதம், வெளியே ஆரம்பித்துவிட்டது.

"எனக்கு ஏழு!"

"ஏழா? எனக்கும் ஏழுதான், நேத்து எட்டு!"

"நர்ஸம்மா, எட்டு!" இது பாங். "இல்ல இல்ல, எட்டரை!"

அந்த அரையை விடமாட்டார் போலிருக்கிறது.

மருத்துவரைக் கூப்பிட்டு ஆறு பேருக்கும் மருந்தை மாற்றி எழுதி வாங்கினேன். பாங்குக்குப் பயிற்சிக்கு அரை மணி முன்னால் ஊசி, முடிந்ததும் பனிக்கட்டிப் பை. கேப்டன் விலாவைத் தலையணையால் அணைத்துக்கொண்டு நன்றாக இருமினார். அந்த இருமல் சத்தம் எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. மதியம் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

மார்ச் 16, சனி

பாங் அறுபத்தைந்து டிகிரி. கேப்டன் ஒரு கிண்ணம் சோற்றைக் காலி செய்துவிட்டு மீனில் உப்பே இல்லை என்று சண்டை போட்டார்.

மார்ச் 20, புதன்

சொன் அளவுகோலோடு ஓடி வந்தான். தொண்ணூற்றிரண்டு! மருத்துவர் இரண்டு முறை அளந்தார். முறுக்க வேண்டாம், பயிற்சி போதும். பாங் அழுதார். வலியா என்று கேட்டேன். "மூணுதான் நர்ஸம்மா, இது அந்த அழுகை இல்ல" என்றார். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டேன், சளி என்று சொன்னேன்.

மார்ச் 27, புதன்

கேப்டன் இன்று வீட்டுக்குப் போனார். பாங் ஊன்றுகோலோடு லிப்ட் வரை வந்து வழியனுப்பினார்.

கீழே கார் வருகிற வரை கேப்டனுடைய சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியாக ஒரு முறை கேட்டேன். "மூணு" என்றார். முகத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், மூச்சைப் பார்த்தேன். மூன்றுதான்.

பிறகு மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ஒன்பதுன்னீங்களே, நெஜமா? இல்ல பாங்குக்காகக் கூட்டிச் சொன்னீங்களா?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கூட்டிச் சொல்லலம்மா. பத்து. ஒண்ணை மட்டும் எனக்குன்னு வச்சுக்கிட்டேன்."

கார் வந்தது, போய்விட்டார்.

கணினியில் பழைய பதிவைத் திருத்த விடமாட்டார்கள். இங்கேயாவது சரியாக எழுதிவைக்கிறேன். மார்ச் 15, காலை. பியோ ஜோங்-குக். பத்து.