தர்ஷி அனுப்பும் கிளினிக் மெசேஜ்

என் செல்லக் கோபக்காரி தர்ஷிக்கு,

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை. கொழும்பில் ஒரே அறையில் கிடந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? பேச வேண்டியதைப் பாதி சண்டையிலும் மீதியைச் சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் பேசி முடித்துவிடுவோம். இப்போது அப்படிப் பேச ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஒட்டி மூடாத கடிதம்தான், மற்றவர்களும் சேர்ந்தே வாசிக்கட்டும். கூச்சப்படுகிற ஆளா நீ?

முதலில் நல்ல செய்தி. கூடப் பிறக்காமலே நீ பெரியம்மா ஆகிவிட்டாய். பெண் பிள்ளை, பெயர் ஆதிரை. உன் பெயரையே வைக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். பிள்ளையைத் திட்டுகிறபோதெல்லாம் உன்னைத் திட்டுகிற மாதிரி இருக்கும். எனக்கு அது பழக்கம்தான், பிள்ளை பாவம். மூக்கு அவர் மாதிரி, வாய் என் மாதிரி என்கிறார்கள். வாய் என்று அவர்கள் சொல்வது சத்தத்தை.

அடுத்தது, நான் ஊருக்கே வந்துவிட்டேன். பிரசவ லீவு முடிந்தபோது, கொஞ்ச நாளைக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யக் கம்பெனியில் சம்மதித்தார்கள். நம் வட்டகொடையில் சிக்னல் எப்படி என்று உனக்குத் தெரியும். ஜன்னலை ஒட்டிய மூலையில் மட்டும்தான் நிற்கும், அதனால் மேசை அங்கே, தொட்டில் அதற்குப் பக்கத்தில். மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைத் துணி காய்வதே இல்லை. லெப்டொப் பக்கவாட்டில் விடுகிற சூட்டில் ஆதிரையின் குட்டிக் காலுறைகளைக் காயப் போடுகிறேன். கம்பெனி கொடுத்த சாமானை இவ்வளவு முழுசாகப் பயன்படுத்துகிற ஆள் நம் டீமில் வேறு யாரும் இல்லை.

வேலை ஏறத்தாழ நீ விட்ட இடத்திலிருந்துதான் ஓடுகிறது. புரோகிராமில் எந்த வரியை யார் எழுதியது என்று கேட்டால் கம்ப்யூட்டர் அந்த வரிக்குப் பக்கத்திலேயே பெயரைக் காட்டுமே, அதில் இன்னும் பாதிக்கு மேல் உன் பெயர்தான். ஏதாவது உடைந்தால், “ஏண்டி இப்படி எழுதி வச்ச?” என்று வாய் தானாக வருகிறது. பிறகு பார்த்தால் உடைத்தது நானாக இருக்கும். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு கொஞ்ச நாள் அந்தப் பக்கங்களைத் திறக்கவே கை வரவில்லை. இப்போது காலையில் முதலில் திறப்பது அவற்றைத்தான்.

பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்பாய். உன் அம்மா.

கேட்க எனக்கு மனசு வரவில்லை, தர்ஷி. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய், என் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அவர்தான் ஒரு காலையில் மேல் லயத்து வீட்டு வரிசையிலிருந்து இறங்கி வந்தார். தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து நின்றுவிட்டார், வீட்டில் தனியாகத்தான் இருந்தார். ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் நான் டைப் பண்ணுவதை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கொண்டா இங்க. நீ மிசின பாரு, நான் புள்ளய பாக்குறேன்.”

“உங்களுக்கு ஏம்மா சிரமம்?”

“சும்மா உக்காந்து செவுத்த பாக்குறதுதான் சிரமம்.”

அன்றிலிருந்து தினமும் வருகிறார். மீட்டிங் நடக்கும்போது பிள்ளையோடு வாசலில் காவல். மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர் ஹோர்ன் அடித்தால், “உள்ள கூட்டம் நடக்குது, அங்கிட்டு போய் அடி” என்று ஒரு விரட்டு விரட்டுவார். அந்த ஹோர்னும் அந்த விரட்டும் இப்போது கொழும்பில் எல்லாருக்கும் பழகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிய கிளினிக் மெசேஜ். உனக்குத் தெரிந்த கதைதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிளினிக்குக்கு வர வேண்டியவர்களுக்கு முதல் நாளே போனில் ஞாபகப்படுத்துகிற வேலையை நம் கம்பெனி எடுத்துச் செய்கிறது. தொடக்கத்தில் அந்த மெசேஜ் ‘அன்பார்ந்த பயனாளரே’ என்று ஆரம்பிக்கும். தோட்டத்துப் பெண்கள் அதை வாசிக்கவே இல்லை. போன் கம்பெனிக்காரர்கள் நாள் முழுக்க அனுப்புகிற விளம்பரங்களும் அப்படித்தானே ஆரம்பிக்கும். உன் அம்மாவே விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டு, பிரஷர் மாத்திரை இல்லாமல் ஒரு மாதம் இருந்தார். அதைக் கேள்விப்பட்ட அன்று நீ சாப்பிடாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினாய்.

‘நாளைக்குப் புள்ளைக்கு ஊசி. காலையிலேயே கிளினிக்குக்கு வந்துருங்க. புள்ளையோட கார்டை மறந்துறாதீங்க. வேலைக்குப் போறவங்க முன்னாடியே கணக்கப்பிள்ளைகிட்ட சொல்லி வைங்க.’

இதெல்லாம் ஒரு மெசேஜா, ரோட்டில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே என்று நான்கூடச் சிரித்தேன். “கூப்புட்டாத்தாண்டி வருவாங்க” என்றாய். அதையும் பெண்கள் மலையிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். பகலில் அனுப்பினால் போன் வீட்டில் தனியாகக் கிடக்கும், யார் பார்ப்பது என்று கேட்டாய். உன் பிடிவாதத்துக்கு முன்னால் யார் நின்றிருக்கிறார்கள்?

லீவு முடிந்து நான் திரும்பியபோது கம்பெனியில் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். எல்லா மெசேஜையும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதிவிடுவது, தமிழுக்கும் சிங்களத்துக்கும் கம்ப்யூட்டரே மாற்றி அனுப்பிவிடும். யாரும் உட்கார்ந்து எழுத வேண்டாம். முதலில் நம் ஊர்ப் பக்கத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு நாடு முழுக்க மாற்றுவதாக ஏற்பாடு. அதன் பிறகு உன் வரிகளை அழிக்க வேண்டியவள் நான். அது என் வேலையாகத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது.

அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை என்றால் நம்புவாயா? பயம், தர்ஷி. வீட்டிலிருந்து வேலை செய்வது அவர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்தது. வந்ததும் வராததுமாக மல்லுக்கு நின்றால், ‘நாளையிலிருந்து கொழும்புக்கு வந்துவிடுங்கள்’ என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளையை விட வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். விட்டால் இந்த மாதிரி வேலை இந்த மலையில் திரும்ப எங்கே கிடைக்கும்?

அப்படி இருக்கும்போது ஒரு காலையில் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தார்.

“நேத்து ஏன் புள்ளய ஊசிக்குக் கொண்டு வரல?”

“நேத்தா? எங்களுக்கு மெசேஜ் வரலயே மிஸ்.”

“எல்லாருக்கும் போயிருக்குன்னு சொல்றாங்க. ஆனா இந்தப் பக்கம் பாதிப் பேர் வரல.”

போனைத் தேடிப் பார்த்தேன். வந்துதான் இருந்தது. ‘அன்பார்ந்த பயனாளரே, தங்கள் குழந்தைக்கான நோய்த்தடுப்புச் சேவை அட்டவணைப்படுத்தப்பட்டுள்ளது.’ ஒரு மீட்டிங்குக்கும் இன்னொரு மீட்டிங்குக்கும் நடுவில், ஏதோ டேட்டா பெக்கேஜ் விளம்பரத்தோடு சேர்த்து அதையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டிருக்கிறேன். அதை அனுப்புகிற புரோகிராமைப் பார்த்துக்கொள்கிறவளே நான்தான். கிளினிக் கார்டிலும் தேதி எழுதியிருந்தது. கார்டு அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது.

“பயப்பட ஒண்ணுமில்ல, அடுத்த கிளினிக்குல போட்டுறலாம்” என்று மிஸ் சமாதானம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. தொட்டிலில் தூங்குகிறவளைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. கம்பெனி மேல் பாதி, என் மேல் பாதி.

அன்று பகல் மீட்டிங். நம் டீம் லீடை உனக்குத் தெரியும், கெட்டவர் இல்லை, அவசரக்காரர். சோதனை நன்றாகப் போகிறது, எல்லா மெசேஜும் போய்ச் சேர்ந்துவிட்டன, இந்த வாரமே நாடு முழுக்க மாற்றிவிடலாம் என்றார். ஆதிரை அந்த நேரம் பார்த்து வீரிட்டாள். உன் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போகப் பார்த்தார். நான் கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மைக்கைத் திறந்தேன். பிள்ளையின் சத்தமும் என் சத்தமும் ஒன்றாகத்தான் கொழும்புக்குப் போயிருக்கும்.

“என் பிள்ளைக்கு நேற்று ஊசி. நான் கொண்டுபோகவில்லை,” என்று சிங்களத்தில் சொன்னேன். “மெசேஜ் வந்தது. விளம்பரம் என்று தள்ளிவிட்டேன்.”

“நீங்களா?” என்றார்.

“நான்தான். இதே வேலையில் இருக்கிற நானே வாசிக்கவில்லை. மலையிலிருந்து களைத்து வருகிறவர்கள் வாசிப்பார்களா?”

பழைய மெசேஜில் அப்படி என்ன இருந்தது என்று அவர் கேட்டார். திரையில் எடுத்துக் காட்டி, ஒவ்வொரு வரியையும் சிங்களத்தில் சொன்னேன். கணக்கப்பிள்ளை வருகிற இடத்தில் நிறுத்தினார், இது எதற்கு என்றார். தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் அன்று வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அங்கேதான் கிளினிக் தவறுகிறது, எழுதியவளுக்கு அது தெரியும் என்றேன். எழுதியவள் யார் என்று அவர் கேட்கவில்லை. திரையில் வரிகளுக்குப் பக்கத்தில் உன் பெயர் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார் போல.

“ஹரி, ஏக எஹெமம தியமு,” என்றார். சரி, அது அப்படியே இருக்கட்டும். சிங்கள மெசேஜையும் இப்படி மனுஷர் பேசுகிற மாதிரி யாராவது எழுத வேண்டும் என்று அவராகவே சொன்னார்.

என்னைக் கொழும்புக்கு வரச் சொல்லும் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை. ஒரு நாள் எடுக்கலாம். எடுத்தால் அன்றைக்கும் பேசிக்கொள்கிறேன்.

லெப்டொப்பை மூடியதும் உன் அம்மா பக்கத்தில் வந்தார். “ஏன் அவ்ளோ சத்தம்? திட்டுனாங்களா?”

“இல்லம்மா. தர்ஷி எழுதுனத எடுக்கப் பாத்தாங்க. எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன்.”

“அவ என்னத்த எழுதுனா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ கம்ப்யூட்டர் வேலை பார்த்தாய் என்பதற்கு மேல் அவரிடம் யாரும் எதையும் சொன்னதில்லை. நானும்தான். அவருடைய போனை வாங்கி, பிரஷர் கிளினிக் மெசேஜைத் தேடி எடுத்து வாசித்தேன். ‘நாளைக்கு பிரஷர் கிளினிக். வெறும் தேத்தண்ணியக் குடிச்சிட்டு வராதீங்க, சாப்பிட்டுட்டு வாங்க. மாத்திரை மிச்சம் இருந்தாலும் வந்துருங்க.’

அவருக்கு அது புதிதில்லை, மாதா மாதம் வருவதுதான். ஆஸ்பத்திரியில் யாரோ நல்ல மனுஷி அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“இத அவளா எழுதுனா?”

“அவதாம்மா.”

“அவ போனதுக்கு அப்புறமும் வந்துச்சே.”

“இன்னும் வரும்மா.”

ஆதிரையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றார். “அப்ப மாசா மாசம் என்னைய சாப்புடச் சொன்னது அவதானா” என்றார், என்னிடம் இல்லை, பிள்ளையிடம். அவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

நமக்குள் நன்றி சொல்லிக்கொள்கிற பழக்கம் கிடையாது. சொன்னால், “என்னடி, காய்ச்சலா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாய். இப்போது தொட முடியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவை எனக்குக் கொடுத்ததற்கு நன்றி. என் பயத்தைவிடப் பெரியதாக ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போனதற்கு நன்றி. ஆதிரைக்கு அடுத்த கிளினிக்கில் ஊசி போட்டாயிற்று. முதல் நாள் சாயந்தரமே நீ கூப்பிட்டாய், நான் கார்டை எடுத்துப் பையில் வைத்தேன்.

நேற்று உன் அம்மா வீட்டுக்குப் புறப்படுகிற நேரம் அவருடைய போன் சத்தம் போட்டது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று என்னிடம் நீட்டினார். வாசித்துக் காட்டினேன், அதே பிரஷர் கிளினிக், அதே வரிகள். முடித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தால் அவர் வாங்கவில்லை.

“வாரேன்னு சொல்லு,” என்றார்.

அந்த எண்ணுக்குப் பதில் போகாது, தர்ஷி. நாம் அனுப்புகிற வழியை மட்டும்தான் செய்தோம், வாங்குகிற வழியைச் செய்யவில்லை. யாராவது பதில் சொல்வார்கள் என்று நமக்குத் தோன்றவே இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘வாரேன்’ என்று தட்டி அனுப்பினேன். போகவில்லை என்று திரை காட்டியது. அவர் பார்ப்பதற்குள் அணைத்துவிட்டு, “சொல்லிட்டேம்மா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு லயத்துக்கு ஏறிப் போனார்.

பதிலை வாங்குகிற அந்த வழியைச் செய்ய இன்று காலை தொடங்கிவிட்டேன். பிள்ளை மடியில், ஒரு கையால்தான் தட்டுகிறேன், ஆனாலும் முடிப்பேன். உன் வரிகளுக்குக் கீழே என் வரிகள் இருக்கும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு: அடுத்த மாதம் நீ கூப்பிடும்போது அம்மா வாரேன் என்று சொன்னால், அது வந்து சேரும்.

உன் தங்கச்சி,
ஆதிரையின் அம்மா,
வாசுகி