ஒல்லியின் இடது கண்

பிப்ரவரி 3, திங்கள்

நோயில்லாத கண்களைத் தேடி அலைகிறேன். கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவளுக்கு இப்படியும் ஒரு பாடு. விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் பின்னிய ஒரு படலம் இருக்கிறது, கோராய்டு என்பார்கள். நல்ல கண்ணில் அதன் தடிமன் எவ்வளவு என்று தெரிந்தால்தான் நோயுள்ள கண்ணோடு ஒப்பிட முடியும் என்று டாக்டரம்மா ஓர் ஆய்வு தொடங்கியிருக்கிறார். கண்ணின் உள்ளடுக்குகளைக் காட்டும் ஓசிடி கருவியில் படமெடுத்து அளப்பது என் வேலை. ஆள் பிடிப்பதும் என் தலையில்தான். இன்று வாசல் காவலாளியைப் பிடித்து உட்கார வைத்தேன். "உங்க கண்ணு ரொம்ப நல்லாயிருக்கு" என்றேன். "அத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, வீட்ல காட்டணும்" என்றார்.

பிப்ரவரி 6

நாளை படமெடுக்க என் நாத்தனாரை அழைத்துப் போகிறேன். எங்களோடுதான் இருக்கிறாள், துணிக்கடையில் விற்பனை வேலை. வீட்டில் அவளுக்கு ஒல்லி என்று பெயர், அவள் அண்ணன் வைத்தது. இப்போது பொருந்தவில்லை. சில மாதங்களாகக் கன்னம் நிறைந்து முகம் வட்டமாகிவிட்டது. "எங்க வீட்டுச் சாப்பாடு இப்பதான் ஒட்டுது" என்று இவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறார். சமைப்பது நான்.

பிப்ரவரி 7

மனசு சரியில்லை.

ஒல்லியின் வலது கண்ணைப் படமெடுத்தபோதே படலம் தடித்துத் தெரிந்தது. இடது கண் அதைவிட மோசம். கோராய்டின் மேல்விளிம்பு எப்போதும் பளிச்சென்று தெரியும். கீழ்விளிம்புதான் மங்கலாக இருக்கும், உற்றுப் பார்த்துக் கோடு போட வேண்டும். இவளுக்கு அந்தக் கீழ்விளிம்பு எங்கோ ஆழத்தில் கிடந்தது. நானூற்று எழுபது மைக்ரான். இதுவரை அளந்த மற்ற கண்களெல்லாம் முந்நூற்றை ஒட்டித்தான். கை பிசகிவிட்டதோ என்று திரும்ப எடுத்தேன். அதே எண். விழித்திரைக்கு அடியில் சின்னக் கொப்புளம் போல நீர் வேறு கோத்திருந்தது.

"கண்ணுல ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"நடுவுல அழுக்கு ஒட்டுன மாதிரி இருக்கு அண்ணி. கோடு போட்ட துணிய மடிச்சா கோடெல்லாம் வளைஞ்சு தெரியுது. தூக்கம் பத்தலன்னு நெனச்சேன்."

ஸ்டீராய்டு மருந்து எடுக்கிறவர்களுக்கு இப்படி நீர் கோப்பதுண்டு. டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு நேராகக் கேட்டார்: "ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கறியாம்மா? மாத்திரை, ஊசி, முகத்துக்குப் போடற களிம்பு?"

"இல்ல மேடம்." இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா வெளியூர்க் கருத்தரங்குக்குப் போகிறார். புதன்கிழமை திரும்பக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 8

மாடியில் துணி எடுக்கும்போது கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "என்ன மாத்திர சாப்பிடற?"

கையிலிருந்த போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள். கடைக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் வாங்குகிறாளாம். அட்டை கிடையாது, பெயர் கிடையாது, தாள் உறையில் போட்டுத் தருவார்களாம். எட்டு மாதமாக.

"வைட்டமின்னுதான் அண்ணி சொன்னாங்க. உடம்பு போடும்னாங்க. கடையில நெறைய பேரு சாப்பிடறாங்க."

"வைட்டமின்னா டாக்டர்கிட்ட ஏன் மறைச்ச?"

"நீங்க கூட நின்னீங்கல்ல. அண்ணன்கிட்ட சொல்லிடுவீங்கன்னு பயம். அவ்வளவு சந்தோஷமா இருக்காரு. முன்னாடி பஸ்ல ஒருத்தி என்னைப் பாத்து, இவளுக்குத் தனி சீட்டு எதுக்கு, மடிச்சுப் பையில வெச்சுக்கலாமேன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. உங்களுக்கு அதெல்லாம் தெரியாது."

எனக்கு வந்த கோபத்தில் கீழே இறங்கிப் போய், அவள் பையிலிருந்த உறையைப் பிடுங்கி, மாத்திரைகள் மொத்தத்தையும் கழிப்பறையில் கொட்டித் தண்ணீரை ஊற்றினேன். இனி ஒன்றைக்கூடத் தொடக்கூடாது என்றேன். தலையாட்டினாள்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டிருக்கலாம். எங்கள் வீட்டுப் பெண் பொய் சொல்லியிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? புதன்கிழமை நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 10

உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல இருக்கிறதென்று ஒல்லி வேலைக்குப் போகவில்லை. சாப்பாடும் வேண்டாமாம். என்மேல் இருக்கும் கோபத்தில் நடிக்கிறாள்.

பிப்ரவரி 11

நடிக்கவில்லை.

காலையிலிருந்து வாந்தி. குளியலறை வாசலில் சரிந்து விழுந்தாள். இவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெரிய மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் யாரிடமும் எதுவும் கேட்காமல் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள்.

டாக்டர் வெளியே வந்து கேட்டார்: "என்ன மாத்திரை சாப்பிட்டுட்டிருந்தாங்க?" சொன்னேன். "திடீர்னு நிறுத்துனது யாரு?"

"நான்தான்."

இவர் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அது ஸ்டீராய்டுதான். வெளியிலிருந்து அந்த மருந்து வந்துகொண்டே இருந்தால், உடம்பு தான் சுரக்க வேண்டியதை மறந்துவிடுமாம். சட்டென்று நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. உயிருக்கே ஆபத்து. எனக்கு இது தெரியாதா? ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக்கூட டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீங்க என்று எத்தனை பேருக்கு வாய் வலிக்கச் சொல்லியிருப்பேன். என் வீட்டுப் பெண் என்றதும் புத்தி எங்கே போனது?

பிப்ரவரி 12

உயிர் பிழைத்தாள். இவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

பிப்ரவரி 14

ஆஸ்பத்திரி நடைவழியில் இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானே ஆரம்பித்தேன். "திட்டணும்னா திட்டிடுங்க."

"உன்ன என்னன்னு திட்டறது? எட்டு மாசமா அவ கன்னம் உப்பறதப் பாத்து பூரிச்சவன் நான்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பேர வேற வெச்சு ஊரெல்லாம் கூப்பிட்டேன்."



மார்ச் 2

அதே மருந்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுக்கிறார்கள். நான்தான் எண்ணியெடுத்து நீட்டுகிறேன். அவள் வாங்கி விழுங்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். "மறுபடி குச்சியாயிடுவேன், அதான?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 9

இடது கண்ணில் நீர் ஏறக்குறைய வற்றிவிட்டது. தடிமன் நானூற்றுக்குக் கீழே வந்திருக்கிறது. கோடு மட்டும் இன்னும் லேசாக வளைகிறதாம். அது முழுதாக நேராகுமா என்று கேட்டேன். "பொறுத்துப் பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா. மருந்துக்கடை பற்றிப் புகார் எழுதி அனுப்பினார். கடை திறந்துதான் இருக்கிறது.

மே 20

மதிய இடைவேளையில் காவலாளி வந்து, "உங்க வீட்டுப் பொண்ணு வந்திருக்கு, கூட்டமா" என்றார்.

வெளி பெஞ்சில் ஒல்லி, பக்கத்தில் அவள் கடைப் பெண்கள் மூன்று பேர். மூவருக்கும் முகம் வட்டமாக, பளபளவென்று இருந்தது. அவர்கள் நடுவில் இவள் கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரிய உட்கார்ந்திருந்தாள்.

"இவங்களும் அங்கதான் வாங்கறாங்க அண்ணி. என்னைக் காட்டித்தான் பேசிக் கூட்டிட்டு வந்தேன்." பிறகு எழுந்து வந்து, அவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "நீங்க கோவப்பட்டு எதையும் புடுங்கிக் கொட்டிடாதீங்க. டாக்டர் பாக்கற வரைக்கும் மாத்திரைய விடக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"சரி" என்றேன்.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து கருவியைப் போட்டேன். முதல் பெண் பயந்துபோய் வாசலிலேயே நின்றாள். ஒல்லிதான் அவளைக் கைப்பிடித்து உட்கார வைத்து, தாடையை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினாள்.