மாமியார் என்றொரு பீரங்கி

நவம்பர் 14

என் கணவர் திமோஃபியின் பீரங்கி இன்று எங்கள் பழுதுபார்ப்புப் பட்டறைக்கே வந்து இறங்கியது! போர்முனையிலிருந்து வந்த ரயிலில், பக்கவாட்டில் வெள்ளைச் சாயத்தில் 'மாமியார்' என்ற எழுத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டேன். ஓயாமல் கத்துகிறதென்று அவர் வைத்த பெயர். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் போர்முனைக்கே போய் மருமகனை உதைப்பாள்.

குழல் தேய்ந்துவிட்டது. சுட்டால் குண்டு எங்கே விழும் என்று சொல்ல முடியாது. புதுக் குழல் நேச நாட்டிலிருந்துதான் வரவேண்டும்.

மாலையில் அவர் போனில் சொன்னார்: "உங்கம்மாவ நல்லா கவனிச்சுக்கோ சோர்யானா. அவ திரும்பி வர்ற வரைக்கும் நான் பின்னால சமையல்கூடத்துல உருளைக்கிழங்கு உரிக்கிறேன்."

உருளைக்கிழங்கு! இன்று தூங்குவேன்.

நவம்பர் 29

குழல் வரவில்லை. கொடுக்கும் நாட்டின் நாடாளுமன்றத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். மேற்பார்வையாளர் லுபோமிர் அண்ணன், "நாம சாகுற வேகத்துக்கு அவங்களுக்கு ஓட்டுப் போட வரலையே!" என்று கத்தினார். எல்லோரும் திட்டினார்கள். நானும் திட்டினேன். மனசுக்குள் மட்டும், பேசட்டும், பனி உருகும்வரை பேசட்டும் என்றிருந்தது.

டிசம்பர் 11

ஒரே ஒரு குழல் வந்தது. காத்திருப்பவை இரண்டு: மாமியாரும், 'ஆந்தை' என்று எழுதிய இன்னொன்றும்.

"மாமியார்தானே மொதல்ல வந்தா? தயாரா?" என்றார் லுபோமிர் அண்ணன்.

"அவளோட குழல்தாங்கி சரியில்லண்ணே. பிரிச்சுப் பாக்கணும்."

"நீ சொன்னா சரி."

தாங்கியில் ஒரு கோளாறும் இல்லை. நேற்றே பூட்டி முடித்துவிட்டேன். குழலை ஆந்தையில் ஏற்றினோம். யாரோ ஒருவர் போகத்தான் வேண்டும் — ஆந்தையின் ஆட்களுக்கும் மனைவிகள் இருப்பார்கள் — இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்?

டிசம்பர் 24

கிறிஸ்துமஸுக்குக் கோதுமையில் தேன் கலந்து வைத்தோம். வராதவருக்கென்று வழக்கம்போல ஒரு தட்டு. அவர் போன் செய்யவில்லை. பண்டிகை, சமையல்கூடத்தில் வேலை அதிகமாக இருக்கும்.

ஜனவரி 9

ஆந்தையின் குழுத்தலைவர் ஒரு பெட்டி ஆப்பிளோடு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க புண்ணியத்துல தப்பிச்சோம்மா. பீரங்கி இல்லாதவங்கள எல்லாம் காலாட்படையோட அகழிக்கு அனுப்பிட்டாங்க. குழல் வரலைன்னா நாங்களும் போயிருப்போம்" என்றார்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

அகழியா? உருளைக்கிழங்கு என்றாரே? உருளைக்கிழங்கு என்றுதானே சொன்னார்?

என் கணவரை விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எடுத்தார். "யாரு உனக்குச் சொன்னது? உருளைக்கிழங்கும் அகழியும் ஒண்ணுதான்டி. ரெண்டுலயும் கையெல்லாம் மண்ணு." பிறகு மெல்ல, "அவளுக்குக் குழல் வந்துடுச்சா? வந்தா எங்களத் திரும்பக் கூப்பிட்டுக்குவாங்க" என்றார்.

"இன்னும் வரல" என்றேன்.

ஜனவரி 10

லுபோமிர் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "அடுத்த குழல் மாமியாருக்குத்தான்" என்று மட்டும் சொன்னார். அடுத்தது எப்போது? அங்கே நாடாளுமன்றத்துக்கு விடுமுறையாம். விடுமுறை!

ஜனவரி 27

அவரைக் காணவில்லை என்று சொல்கிறார்கள். காணவில்லை என்றால் என்ன? எங்கே தேடினார்கள்?

பிப்ரவரி 20

குழல் வந்துவிட்டது. நானே ஏற்றினேன், நானே முடுக்கினேன். அம்மாவும் வந்து பட்டறைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைத் தனியே விடுவதில்லை இப்போதெல்லாம்.

பீரங்கியை எடுத்துப்போகப் புதுக் குழு வந்திருந்தது. ஒருவரையும் தெரியாது. ஒருவர் வெள்ளை எழுத்தைத் தடவிக்கொண்டே, "ஏங்க்கா மாமியார்னு பேரு?" என்றார்.

"ஓயாம கத்துவாளாம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "அழிச்சிட்டு வேற பேரு எழுதட்டுமா?"

அம்மா எழுந்து வந்து அந்த எழுத்துகளைப் படித்தாள். இன்றுதான் முதல்முறையாகப் படிக்கிறாள்.

"இருக்கட்டும்பா" என்றாள். "என் மருமகன் எனக்கு வெச்ச பேரு."